துரை சாப்பிடவில்லை

மார்ச் 4, புதன்

மகள் கிளம்பிவிட்டாள். வேலை கிடைத்த ஊரில் அவள் தங்கப்போகும் விடுதியில் பிராணிகள் கூடாதாம். கண்ணாடிப் பெட்டியைக் கூடத்தில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே டரான்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், காலெல்லாம் பழுப்பு மயிர். பெயர் துரை.

"உனக்குத் துணைக்கு இருக்கட்டும்மா" என்றாள்.

அவர் இறந்து நாற்பத்தொரு நாள். துணைக்குச் சிலந்தி. சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சரி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கணக்கு நோட்டில் துரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவள் சொன்னவை: சின்னத் தட்டில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மண்ணை ஈரமாக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. கையில் எடுக்கக் கூடாது; ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்துவிடுமாம். அதற்குக் கோபம் வந்து வயிற்று மயிரை உதறினால் நமக்கு அரிக்கும். வாரம் இரண்டு சுவர்க்கோழி, உயிரோடு.

முட்டைகூட வாங்காத வீடு இது. சுவர்க்கோழி பூச்சிதானே, பெயரில்தான் கோழி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

இடுக்கியால் ஒன்றை உள்ளே விட்டுக் கண்ணை மூடினேன். பிரார்த்தனை முடிவதற்குள் அதன் சத்தம் நின்றுவிட்டது. அந்த உயிருக்காகவும் ஒரு வரி சொன்னேன். உதடுதான் சொல்கிறது. அவர் போனதிலிருந்து கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. துதிப்பதோடு சரி.

மார்ச் 14, சனி

துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி பெட்டியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்க்கா, துணைக்கு ஆள் வேணும்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"இது பேசாதுல்ல."

"அப்ப நான் வாயாடின்னு சொல்றீங்க! நல்லா இருங்க!"

பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

துரை சாப்பிடவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்றும் இல்லை. வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் கறுத்திருக்கிறது. சாப்பிடாத தடவைக்கு ஒன்றாக நோட்டில் இரண்டு கோடு. மகளிடம் சொல்லவில்லை. பாவம், புது வேலை.

மார்ச் 29, ஞாயிறு

சுவர்க்கோழியை வெளியே எடுக்காமல் உள்ளேயே விட்டு மூடினேன். பசிக்கும்போது தின்னட்டும். இந்த வீட்டில் சாப்பிடாதவர் பங்கைக் கொட்டியதில்லை. மூடித்தான் வைப்போம்.

அன்று ராத்திரி அவரும் "அப்புறம் சாப்பிடுறேன்" என்றார். தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் நாற்காலிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். தட்டு மூடியபடியே இருந்தது. நடுவில் ஒரு தடவை எழுந்து பார்த்திருக்கலாம் — இதை இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதியும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 30, திங்கள்

காலையில் துரை மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. அசைவில்லை.

இதுவும் என் கையாலதானா?

புதைப்பதற்குச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை எடுத்து வந்தேன். மூடியில் கை வைத்த பிறகுதான், சொல்லாமல் புதைக்கக் கூடாதே என்று மகளுக்குப் போன் போட்டேன்.

"தொடாதம்மா! அது சாகல. பாம்பு மாதிரி சட்டை உரிக்குது. செத்தா மல்லாக்கப் படுக்காது, காலைச் சுருட்டிக் கவுந்து கிடக்கும். உள்ள சுவர்க்கோழி எதுவும் இல்லல்ல?"

"இருக்கு. பசிச்சா சாப்பிடட்டும்னு மூடி வெச்சேன்."

"மூடி வெச்சியா? ஐயோ, அது சோறு இல்லம்மா! துரைக்கு இப்ப உடம்பெல்லாம் பிஞ்சு. அந்தப் பூச்சி இவனைத் தின்னுடும். எடு மொதல்ல!"

எட்டிப் பார்த்தேன். சுவர்க்கோழி மீசையை ஆட்டிக்கொண்டு துரையின் பின்னங்கால் நுனியில் வாய் வைத்திருந்தது. அங்கே ஒரு சொட்டு நீர். இடுக்கியை உள்ளே விட்டேன். மூன்றாவது தடவைதான் சிக்கியது.

பிறகு பெட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்தேன். கடவுளே, இத மட்டும் விட்டுடு. கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேட்டுட்டேன். இத விட்டுடு.

நான்கு மணி நேரம். இறுகிய கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல் ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன், முந்தானை நனைந்திருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

கவிழ்ந்து நிற்கிறது. ஒரு கால் நுனி இல்லை. அடுத்த முறை சட்டை உரிக்கும்போது வளர்ந்துவிடும் என்கிறாள். பல் இன்னும் வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. பத்து நாளைக்குத் தண்ணீர் மட்டும். மிச்சம் வைத்ததை அன்றே எடுக்க வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஏப்ரல் 11, சனி

பல் கறுத்துக் கெட்டியாகிவிட்டது. சாப்பிட்டது. மிச்சமில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

உரித்த சட்டையைச் சுவர்க்கோழி விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஆணா பெண்ணா என்று அதில் தெரியுமாம். நனைத்து, விரித்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பொண்ணும்மா" என்றார்.

கடை வாசலில் நின்றே மகளுக்குச் சொன்னேன். "அடக் கடவுளே, துரை இல்லயா அப்ப? துரைசானி!" என்று அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஆம்பளைன்னா நாலஞ்சு வருஷம்தாம்மா. பொண்ணுங்க இருபது வருஷம்கூட இருக்கும். சமாளிப்பியா?"

எனக்கு ஐம்பத்தெட்டு. கூட்டிப் பார்த்தேன்.

வரும் வழியில் மருந்துக் கடையில் என் இரத்த அழுத்த மாத்திரையைக் கேட்டேன். அவர் போனதிலிருந்து போடவில்லை.

"ஒரு மாசத்துக்குக் கொடுக்கட்டுமாம்மா?" என்றாள் கடைப் பெண்.

"மூணு மாசத்துக்குக் கொடும்மா" என்றேன்.