பிரான்சியின் வலது கால்

மரியே வாழ்க

பொன்மலை,
ஜூலை 6

அன்புள்ள பிரான்சி அப்பாவுக்கு,

அக்னஸ் எழுதுவது. காஜா மைதீன் அண்ணன் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறார். எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் உங்கள் மகள் கையில் இருக்கிறது. நீங்கள் வீடியோ காலில் வந்தாலும் நடுவில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், எனக்குக் கிடைப்பது ஓரத்தில் கொஞ்சம் இடம். அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பிரான்சியின் மோட்டார் பைக் பந்தய லீக் தொடங்கிவிட்டது. திருவெள்ளறை தாண்டி வயல்களுக்கு நடுவே மைதானம். முட்டை வடிவில் மண் பாதை, சுற்றிலும் கம்பி வேலி. நாலு நாலு பேராகக் கிளம்பி இடது பக்கமாகவே சுற்றி வருகிறார்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதில் பெண் நம்முடையது மட்டும்தான். முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். சாயங்காலப் பூசைக்குக் கழுத்தெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றாள். நன்மை அப்பம் கொடுக்கும்போது ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வண்டியில் பிரேக் கிடையாது. வண்டியை உங்களிடம் காட்டியபோது "சூப்பர்டா தங்கம்" என்றீர்களே, பிரேக் எங்கே என்று கேட்டீர்களா? கேட்டால் அவள் முகம் வாடிவிடும், அதை உங்களால் அங்கிருந்து தாங்க முடியாது. நான்தான் அவளுடைய பயிற்சியாளர் ரத்தினவேல் சாரிடம் கேட்டேன். இந்தப் பந்தயத்துக்கே அதுதான் சட்டமாம். முன்னால் போகிறவர் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் ஏறிவிடுவார்களாம். வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட வேண்டும், அந்தச் சறுக்கலிலேயே வேகம் குறைந்துவிடும் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் ஏறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்த நாளிலிருந்து பிரேக் செக்‌ஷன்தான். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரயில் பெட்டியைக்கூட நாங்கள் வெளியே விடுவதில்லை. பெற்ற பிள்ளையை மட்டும் அப்படி விடச் சொல்கிறார்கள்.

பந்தயத்தன்று வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, என்னையும் மறந்து "பிரேக்கப் போடுடி" என்று கத்திவிட்டேன். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்வரை பிரான்சி ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். வண்டியைக் கழுவி, செயின் பார்த்து, போல்ட் முடுக்குவதெல்லாம் நான்தானே. பழைய மொபெட் ஒன்றின் பிரேக்கை வாங்கி வண்டியின் பின் சக்கரத்துக்கு மாட்டி, வலது காலுக்குக் கீழே மிதி வைத்துவிட்டேன். வாரநாளில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தனியாகப் பழகும்போது மட்டும் அது இருக்கும். பந்தயத்துக்கு முதல் நாள் கழற்றிவிடுவேன். அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சாருக்குத் தெரிந்தால் லீக்கிலிருந்தே அனுப்பிவிடுவார் என்றாள். நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். உங்களிடம் பேச்சு வாக்கில்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள்.

அன்புடன்,
அக்னஸ்


மரியே வாழ்க

பொன்மலை,
செப்டம்பர் 3, வியாழக்கிழமை

அன்புள்ள பிரான்சி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. பக்கத்து வீட்டு மார்ட்டினுக்கு உங்கள் கம்பெனியிலேயே வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குக் கிளம்புகிறான், நாளைக்கு இது உங்கள் கையில் இருக்கும். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி சாய்ந்துவிட்டது, தோளில் சிராய்ப்பு என்று உங்களிடம் சொன்னாளே, அது பாதிதான். வண்டி சாயவில்லை. வளைவில் திரும்பாமல் நேராகப் போய் வேலியில் மோதினாள். டயர் அடுக்கி வைத்திருந்ததால் இன்றைக்கு நமக்குப் பிள்ளை இருக்கிறது. மன்னார்புரத்தில் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். முறிவு இல்லை, ரத்தக்கட்டு, வலி விட்டால் ஓட்டலாம் என்றார். ஓட்டக் கூடாது என்று சொல்வார் என்றுதான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

ரத்தினவேல் சார் கேட்டதற்குக் கண்ணில் புழுதி விழுந்துவிட்டது என்றாள். ஆவணி வந்தும் காற்று அடங்கவில்லை, அவரும் நம்பிவிட்டார். அன்றைக்கு மைதானத்திலிருந்து திரும்பி வரும்போது ஆட்டோ கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும், என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"கால் தேடிச்சும்மா. அமுக்கினேன். அங்க ஒண்ணும் இல்ல."

வண்டியிலிருந்து பிரேக்கைக் கழற்றினேன். அவள் காலிலிருந்து யார் கழற்றுவது? வாரமெல்லாம் மிதித்துப் பழகிய கால், சறுக்க வேண்டிய நேரத்தில் மிதியைத் தேடியிருக்கிறது. தேடி முடிப்பதற்குள் வளைவு கடந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற என்று நான் மாட்டியதுதான் அவளை வேலியில் கொண்டுபோய் மோதியது. முதல் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனில், "உன் வேலை உனக்குத் தெரியும்" என்று சாடையாகச் சொன்னீர்கள். தெரியவில்லைங்க.

அன்றைக்கே அந்தப் பிரேக்கைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். ஆனால் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் பார்க்கிறேன், அவளுடைய வலது பாதம் தரையை அமுக்குகிறது. அவளுக்கே தெரிவதில்லை. நான் பார்ப்பது தெரிந்தால் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். ஜெயித்தால் அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் நடக்கும் பெரிய லீக்குக்கு எடுத்துக்கொள்வார்களாம். போகாதே என்று கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். "அப்பா சரின்னுட்டாரு" என்று ஒரே பதில். உங்களைக் குறை சொல்லவில்லை. பாதியைக் கேட்டவர் வேறு என்ன சொல்வீர்கள்?

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து ஸ்ரீரங்கத்தில் ரத்தினவேல் சார் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிவிட்டால் அவரே அவளை நிறுத்திவிடுவார், பழி என் மேல் மட்டும் வரட்டும் என்றுதான் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவளுடைய ஹெல்மெட்டுக்குப் புது வார் மாற்றிக்கொண்டிருந்தார். காபி வந்தது. "மத்த பசங்க விழுந்தா வண்டியக் குத்தம் சொல்வாங்க, டிராக்கைக் குத்தம் சொல்வாங்க. உங்க பொண்ணு யாரையும் சொல்லலைங்க, புழுதின்னுட்டா. நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பேன்? எந்த அம்மாவைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாளோ, அந்த அம்மாவே போய் அந்தப் பொய்யை உடைத்தால் பிள்ளை எந்த முகத்தோடு அந்த மைதானத்தில் நிற்கும்? காபியைக் குடித்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுத் துணி துவைக்கும்போது அவளுடைய வலது கால் சாக்ஸில் ரத்தம். ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஜல்லிக்கற்கள் விழுந்தன. ரயில் பாதையில் கிடக்கும் கருங்கல் சில்லுகளை முன்பாதத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறாள். அமுக்கினால் வலிக்கும், வலித்தால் கால் மறந்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்த வைத்தியம். அந்தச் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கற்களைப் பொறுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள்தான், சரியாயிடும்மா" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

சரியாகிவிடுமா? உங்களிடம் கேட்டு என்ன பயன், உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நின்றுவிடுவாள். சொல்லுங்கள் என்று எழுதினேன். அந்தச் சாக்ஸ் கொடியில் காய்கிறது, அதைப் பார்த்துவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். மேலே இருக்கும் கிறுக்கலெல்லாம் அதுதான். நிறுத்துங்கள் என்று கேட்கவும் முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று கேட்கவும் முடியவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், சனிக்கிழமைக்குள் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நம் தெரு வழியாகப் போகிறார்கள். தண்ணீர் கொடுத்தேன். ஒரு அம்மா, என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். பிள்ளையின் வலது காலுக்காக என்றேன். நடக்க முடியாத பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு, என் தலையில் கை வைத்து அழுதார்கள்.

அவள் போவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் போன் செய்யாதீர்கள். மணி அடித்தால் எடுக்கும் நிலையில் நான் இருக்கமாட்டேன். வேலிக்கு வெளியே நிற்பேன். கத்தமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் என் கால்தான் மண்ணை அமுக்கிக்கொண்டிருக்கும். பந்தயம் முடிந்ததும் போனை அவளிடமே கொடுக்கிறேன், அவளே உங்களைக் கூப்பிடட்டும். மாதா உங்களையும் அவளையும் காப்பாற்றட்டும். போனை எடுத்ததும் உங்கள் காதில் முதலில் அவள் குரல் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். என் குரல் விழக் கூடாது.

உங்கள்,
அக்னஸ்