வரவேற்புரை மட்டும் கேட்டவர்கள்

நேற்று பல்கலைக்கழக அரங்கின் வாசலில் ஒரு பெண் என் முகத்தில் பன்னீர் தெளித்தாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதே வாசனை. அதே சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, "வாங்கம்மா, முன்னாடி போய் உக்காருங்க" என்ற அதே சிரிப்பு. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் கல்யாண வீடு ஞாபகம் வருமாம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த வளாகத்திலிருந்து நாம் இரண்டு பேரும் முழுசாக வாங்கிக்கொண்டு வந்தது பன்னீர் ஒன்றைத்தான். உனக்கு அது மறந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஆசிரியைகள். நீ மலையிலேயே பிறந்தவள்; உன் வீட்டில் சாமையும் புளியும்தான் வெள்ளாமை. நான் அடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து மேலே வேலைக்கு வந்தவள். பிள்ளைகள் முன்னால் 'வாங்க டீச்சர், சொல்லுங்க டீச்சர்' என்போம். பஸ் ஏறிவிட்டால் 'வாடி, போடி' தான்.

மாதா மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாள் வரும். இம்மாத நிகழ்ச்சிகள் என்று சைக்ளோஸ்டைல் செய்திருப்பார்கள். ஒரு சொற்பொழிவு, ஒரு திரைப்படம், ஒரு கச்சேரி. அடியில் 'பொதுமக்கள் அனைவரும் வருக. அனுமதி இலவசம்' என்றிருக்கும். தலைமையாசிரியர் அதில் சாக்பீஸ் மடிப்பதற்குள் நீ பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவாய். ஒவ்வொரு மாதமும் அந்தக் கடைசி வரியில் உன் விரல் நிற்கும்.

"பொதுமக்கள்னா யாருடி? நிகழ்ச்சி முடிஞ்சதும் நடந்தே வூட்டுக்குப் போறவங்களா?"

கேட்காமல் என்ன செய்வாய்? எல்லாமே ஆறு மணிக்கு. போளூரிலிருந்து மலைக்குக் கடைசி வண்டி ஏழு மணிக்கு. வளாகத்திலிருந்து போளூர் வந்து சேரவே அரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, முகம் கழுவி, முதல் ஆளாகப் போய் உட்காருவோம். சிறப்பு விருந்தினர் வரமாட்டார். வருவார், தாமதமாக. குத்துவிளக்கு ஏற்றுவார்கள், தீப்பெட்டி தேடுவார்கள். ஒருவருக்குப் பொன்னாடை போட்டால் இன்னொருவருக்கும் போடாமல் இருக்க முடியுமா? பிறகு வரவேற்புரை. அது முடியும் நேரத்தில் நீ என் முழங்கையை இடிப்பாய். வரிசையில் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே வருவோம். பின்னால் கைதட்டல் கேட்கும். பேச வேண்டியவர் அப்போதுதான் பேச எழுந்திருப்பார்.

கச்சேரியில் நாம் கேட்டது சுருதி சேர்த்ததை. தம்புராவை மீட்டிப் பார்த்தார்கள், மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தார்கள், பாடகர் தொண்டையைச் செருமினார். நமக்கு வண்டி நேரம் வந்துவிட்டது.

படம் மட்டும் ஒருமுறை சீக்கிரம் போட்டார்கள், பாதி பார்த்தோம். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், வயதானவர் ஒருவர் தன் குதிரையை விற்கக் கிளம்புகிறார். சந்தைக்குப் போனாரா, விற்றாரா, அதுதான் கதை. மலையேறுகிற பஸ்ஸில் கண்டக்டர் உன்னிடம் ஆவலாகக் கேட்டார்.

"கடைசில இன்னாக்கா ஆச்சு?"

"வழியில ஒரு புள்ளைக்கு ஒடம்பு முடியல. அந்தக் குதிரைலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறாரு. அதுக்கப்புறம் விக்க மனசு வருமா?"

கண்டக்டருக்குப் பரம திருப்தி. மறுவாரம் வேறொருவர் கேட்டபோது, அந்த ஆள் குதிரையை விற்றுக் குடித்துவிட்டான் என்றாய். அன்று உனக்குக் காலையிலிருந்தே கோபம். முடிவு தெரியாத எதற்கும் நீ முடிவு வைத்திருந்தாய். அதைக் கேட்டுக்கொண்டே வந்ததில் எனக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்திகூட வராது.

போளூரிலிருந்து சந்தவாசல் வரைக்கும் ஏழு மணிக்குப் பிறகும் வண்டி உண்டு. "இறங்கி உங்க வூட்லயே தங்கிடலாமில்ல?" என்று நீ ஒருமுறை கேட்டாய். எங்கள் வீட்டில் அண்ணிதான் ராஜ்யம். "ராத்திரி நேரத்துல ரெண்டு பொம்பளைங்க பஸ்ஸ விட்டு எறங்கினா ஊரு இன்னா பேசும்?" என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

அப்புறம் அந்த மாதத்துத் தாள் வந்தது. 'ஜவ்வாது மலை மக்களின் வாழ்வு, படக்காட்சியுடன் சொற்பொழிவு.' பேசப் போகிறவரின் பெயரைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. முந்தின வருடம் அவர் உங்கள் ஊரில் வந்து தங்கியிருந்தார். உங்கள் அண்ணன் வீட்டில் களி தின்றார். உன் அம்மா சாமை குத்துவதை நிற்க வைத்து, உட்கார வைத்து, திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். "கொண்டாந்து காட்டுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். உன் அம்மா பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை நீ படித்துக் காட்டியதும் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என் மூஞ்சிய ஊருல இருக்கறவங்கெல்லாம் பாப்பாங்க. நான் பாக்கக் கூடாதா?"

அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. கூட்டிப் போகவும் முடியாது. "நீ இரும்மா, நான் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினாய். கேட்க ஒரே ஒரு கேள்விதான். 'இத மலைக்கு எப்ப கொண்டாந்து காட்டுவீங்க?' தாளில் கடைசியாகக் கலந்துரையாடல் என்று போட்டிருந்தது. அதுவரை இருந்தே தீர்வது, கடைசி வண்டி போனால் போகட்டும், அண்ணி என்ன பேசினாலும் பேசட்டும் என்று முடிவு செய்தோம்.

அன்று பன்னீர் தெளித்தவளைப் பார்த்து நீ சிரித்தாய். நம் வண்டி கிளம்பும் நேரம் ஆனபோது என் முழங்கையை இடிக்கவில்லை. அதுவே எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. விளக்குகளை அணைத்தார்கள். உங்கள் மலை, உங்கள் ஓடை, உங்கள் அண்ணன் வீட்டுக் கூரை எல்லாம் சுவரில் வந்தன. அப்புறம் உன் அம்மா, உலக்கையைத் தூக்கின கையோடு, சுவர் முழுக்க.

"இவர் ஒரு மலைவாழ் மூதாட்டி" என்றார் அவர்.

"எங்கம்மா" என்றாய் நீ. சத்தமாகத்தான் சொன்னாய். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து உஷ் என்றார்.

விளக்கு வந்ததும் உன் கை உயர்ந்தது. மேடையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமின்மை காரணமாகக் கலந்துரையாடல் இடம்பெறாது" என்று சொல்லிவிட்டு, நன்றியுரைக்கு ஆளை அழைத்தார்கள். பொன்னாடைக்கு நேரம் இருந்தது. வராத விருந்தினரைப் பாராட்டவும் இருந்தது. நன்றி சொன்னவர் மைக் கொடுத்தவர்வரை பெயர் சொல்லி நன்றி சொன்னார். உன் அம்மா பெயர் அதில் இல்லை. பிறகு நாட்டுப்பண். எல்லாரும் எழுந்தார்கள். நீ முன்பே எழுந்து நின்றிருந்தாய், தூக்கின கையோடு.

ஓடிப்போய்ப் படம் காட்டினவரின் காரைப் பிடிக்கப் பார்த்தாய். வாசலில் பியூன் மறித்தார். "ஐயா சாப்பிடப் போறாரும்மா. நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாருங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைண்ணா" என்றாய். அவர் கதவைச் சாத்தப் போய்விட்டார்.

ராத்திரி வண்டியில் சந்தவாசல் வந்து இறங்கினோம். அன்றுதான் முதல்முறையாக ஒரு நிகழ்ச்சியைக் கடைசிவரை பார்த்திருந்தோம். அன்று மட்டும் உன்னிடம் சொல்ல முடிவு எதுவும் இல்லை. அண்ணி கதவைத் திறந்து நம் முகத்தைப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

ஊருக்குப் போனதும் உன் அம்மா ஓடி வந்து, "எப்படி இருந்தேன்?" என்றாள்.

"அழகா இருந்தம்மா. செவுரு முழுக்க நீதான்."

"நான் பாக்கிலியே" என்றாள் அம்மா. கடைசிவரை அவள் பார்க்கவில்லை.

நேரத்தை மதியத்துக்கு மாற்றச் சொல்லி நீ பல்கலைக்கழகத்துக்கு எழுதினாய். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து வந்த தாளில், பொதுமக்களின் வசதிக்காக நிகழ்ச்சிகள் இனி ஆறரைக்குத் தொடங்கும் என்றிருந்தது. அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

இப்போது நான் அந்த வளாகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறேன். நடந்தே வீட்டுக்குப் போகிற பொதுமக்களில் ஒருத்தி ஆகிவிட்டேன். எந்தக் கச்சேரியையும் கடைசிவரை கேட்கலாம். பக்கத்தில் முழங்கையை இடிக்க நீ இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்றைக்கும், கடைசி வண்டி போய்விடும் என்று அவசரப்படுத்தித்தான் என்னைக் கீழே அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு யார் மேல் என்றே தெரியவில்லை.

நேற்று நடந்ததும் உங்கள் மலையைப் பற்றிய கூட்டம்தான். வேறு ஆள், புதுப் படங்கள், கடைசியில் அதே கலந்துரையாடல். கடைசி என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அதனால் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோதே எழுந்து கையைத் தூக்கினேன். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அம்மாவுக்கு மயக்கம் போல இருக்குது. தண்ணி குடுங்கப்பா."

ஒரு பையன் ஓடி வந்து பாட்டிலைத் திறந்து நீட்டினான். வாங்கி மடமடவென்று குடித்தேன். காலிப் பாட்டிலை அவன் கையில் கொடுத்தேன். நான் உட்காரவில்லை.

"இத மலைக்கு எப்ப கொண்டாந்து காட்டுவீங்க?" என்றேன்.

"கேள்வியெல்லாம் கடைசில கேக்கலாம்மா. உக்காருங்க" என்றார்கள்.

இப்படிக்கு,
அரங்கில் இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் டீச்சர்