லாசரை நிறுத்தியவள்

8 அக்டோபர் 2025, புதன்

இது கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இல்லை. அட்டை மட்டும்தான். எடுத்தவர் யாரானாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். தெரிந்தால், "கம்ப்யூட்டரும் வேணாம் ஒண்ணும் வேணாம், பூப்பறிக்க வா" என்பார்.

இன்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் கம்ப்யூட்டரை அணைத்தது நான்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு புனிதரின் பெயர். நெட்வொர்க்கிலும் அதே பெயர்தான். லேபில் ஒன்று லாசர், செத்து நாலாம் நாள் எழுந்து வந்தவர். லேபில் இருக்கும் இருபதையும் கடைசி பீரியடில் ஒவ்வொன்றாக அணைத்தால் ரெட்டியார்சத்திரம் பஸ் போய்விடும். அதனால் மூன்று கட்டளைகள் எழுதி வைத்தேன். "இருக்கா லாசர்" என்று அடித்தால் லாசர் ஓடுகிறதா என்று சொல்லும். "அனுப்பு" ஃபைலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டுக்கும் பெயர் போதும். "நிறுத்து" மட்டும் பெயரை ஏற்காது, ரூட்டர் கொடுக்கும் ஐபி எண் கேட்கும். என் சோம்பல். இன்று முதலில் அணைக்கவிருந்த லாசரின் எண்ணை உள்ளங்கையில் எழுதியிருந்தேன்.

மதியம் கரண்ட் போய் வந்தது. ரூட்டர் எல்லோருக்கும் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டது. லாசரின் பழைய எண் ஆபீசுக்குப் போயிருந்தது. அங்கே சிஸ்டர் காலாண்டு மார்க் ஏற்றிக்கொண்டிருந்தார். சேவ் செய்யவில்லை. உள்ளங்கையைப் பார்த்து நான் "நிறுத்து" அடித்தேன், மார்க்கெல்லாம் போயிற்று.

9 அக்டோபர், வியாழன்

லேபைப் பார்த்துக்கொள்ளும் சகாயராணி அக்கா நேற்று அந்த நேரம் ஆபீசில் இருந்திருக்கிறார். ஒயரை இழுத்தது அவர்தான் என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம்.

"ஏ பேச்சி, நான் பிரிண்டருக்குப் பேப்பர்தான்டி வச்சேன். ஒயரு எந்தப் பக்கம் கெடக்குன்னே எனக்குத் தெரியாது."

நான் தலையை ஆட்டினேன். தலையை மட்டும்.

10 அக்டோபர், வெள்ளி

மூன்று கட்டளைகளும் இனி ரூட்டரின் ஒரே பட்டியலில் போய் விசாரிக்கும். பெயர் கொடுத்தாலும் சரி, எண் கொடுத்தாலும் சரி. அணைக்கும் முன் பெயரைக் காட்டி, "இவரைத்தானா?" என்று "நிறுத்து" கேட்கும். மொத்தம் பன்னிரண்டு வரி. முன்பே எழுதியிருக்கலாம். ஏன் எழுதல?

பிறகு நடந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி, என் பெயரும் வகுப்பும் போட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயர் மரியன்னை.

அனுப்பு கடிதம் மரியன்னை.

சேர்ந்தது என்று வந்தது. திரும்ப வாங்கும் கட்டளை நான் எழுதவில்லை.

11 அக்டோபர், சனி

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் சரியில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

13 அக்டோபர், திங்கள்

அக்கா லேபில் இருந்தார். "என்னய வீட்டுக்கு அனுப்பப் பாத்தியேடி" என்று மண்டையில் ஒரு கொட்டு. பிறகு பாதி முறுக்கு.

சிஸ்டர் கூப்பிட்டார். "நாளையிலருந்து நான் மார்க்க வாசிக்கிறேன், நீ அடி. அந்த மூணு கமாண்டையும் எனக்கு எழுதிக் குடு." எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அப்பாவிடம் சொல்வாரா? கேட்கப் பயமாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"ஏத்தா பேச்சி, ஒங்க சிஸ்டர் போன்ல இருக்காக. லாசருன்னு ஒருத்தராம், நிறுத்துனதுல இருந்து எந்திரிக்கவே மாட்டேங்கிறாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம ஒன்னயக் கேக்குறாக—"