நெருங்கிய உறவு என்று யாரைச் சொல்வது

அன்புள்ள சித்திக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். போனில் உன்னிடம் எதையும் சொல்ல முடிவதில்லை. "சாப்பிட்டியா, தூங்கினியா, தலையக் காய வெச்சியா" என்று நீ அடுக்கிவிடுகிறாய். நான் பதிலுக்கு ஒன்று கேட்டால் "எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்" என்று சிரித்து மழுப்பிவிடுகிறாய். மாமா வீட்டு சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தூங்குகிற ராணியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். நோய்த்தடுப்புக்காக எங்களை அடைத்துவைத்திருக்கும் இந்த ஓட்டல் அறையிலிருந்து காகிதம் எதுவும் வெளியே போகக்கூடாதாம். எழுதி முடித்ததும் அப்பாவின் போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விமான நிலையத்தில் நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசை வரும். கவுண்டரில் இருந்த அக்கா அப்பாவின் பாஸ்போர்ட்டையும் என்னுடையதையும் திருப்பித் தந்துவிட்டு உன்னுடையதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். "இவங்க வேலை அனுமதி தேதி முடிஞ்சிருச்சு. இப்ப அனுமதி இருக்கறவங்களும் அவங்களோட நெருங்கின உறவும் மட்டும்தான் அந்த நாட்டுக்குள்ள போகலாம்" என்றார். அப்பா உடனே, "எங்க வீட்டு ஆளுதான்" என்றார். என்ன உறவு என்று கேட்டபோது, "என் மனைவியோட தங்கச்சி" என்றார். அந்த அக்கா விதிகள் அச்சிட்ட தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர். சித்தி என்று எங்காவது இருக்கிறதா என்று நான் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். அங்கே முகக்கவசம் போடும் விதம்தான் படமாக இருந்தது.

"என் பொண்ணுக்கு அம்மா இல்லம்மா. கைக்குழந்தையிலேர்ந்து இவங்கதான் வளர்த்தாங்க" என்று அப்பா சொன்னபோது அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த அக்கா கெட்டவர் இல்லை. "எனக்குப் புரியுது சார், இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியாதே" என்று மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் நீதான் எங்களைத் தள்ளிவிட்டாய். அப்பாவைப் பார்த்து, "போங்க மாமா. இதுக்கும் மேல லீவு போட்டா உங்க வேலையும் போயிடும். அப்புறம் மூணு பேரும் இங்கயே உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றாய். நீ கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று, சடையைப் பின்னால் போடு என்று எனக்கு ஜாடை காட்டியதுதான் கடைசியாகப் பார்த்தது.

விமானத்தில் நடு இருக்கை உன்னுடையது. பணிப்பெண் வந்து, அது காலிதான், வசதியாகக் காலை நீட்டிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் இருவரும் நீட்டவில்லை.

இறங்கியதும் மூக்கில் குச்சி விட்டார்கள். எனக்குக் கண்ணீர் மட்டும் வந்தது. அப்பா மூன்று முறை தும்மினார், அந்த ஊழியர் ஓர் ஓட்டம் ஓடினார். பிறகு பேருந்தில் ஏற்றி இந்த ஓட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். பரிசோதனை முடிவு சரியாக வந்தாலும் தனிமைக் காலம் முடியும்வரை அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி. இரண்டு கட்டில், ஒரு மேசை, திறக்காத ஒரு ஜன்னல். சாப்பாடு கொண்டுவருகிறவர் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டிருக்கிறார். கதவைத் தட்டிவிட்டு, நாங்கள் திறப்பதற்குள் மறைந்துவிடுகிறார். "கடன்காரன் வந்தா நாம ஒளிவோம். இங்க சோறு குடுக்கறவரு ஒளியறாரு, என்ன காலமோ" என்கிறார் அப்பா.

எங்கள் சுவரை ஒட்டித்தான் லிப்ட் போகிறது. லிப்ட் மெக்கானிக்கான அப்பாவைக் கொண்டுவந்து இந்த அறையில் போட்டது யார் செய்த வேடிக்கையோ தெரியவில்லை. ஒவ்வொரு முறை அது மேலே போகும்போதும் அப்பா காதைச் சுவரில் வைத்து, "இடது பக்கம் உரசுது, கேக்குதா?" என்று என்னையும் கேட்கவைக்கிறார். பொறுக்க முடியாமல் வரவேற்பறைக்குப் போன் செய்து, நானே வந்து சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிப்பார்த்தார். தயவுசெய்து அறைக்குள்ளேயே இருங்கள் என்று அவர்கள் பயந்துபோய்ச் சொன்னார்களாம். "படுத்துக் கிடக்கற நோயாளி எழுந்து வந்து, டாக்டருக்கு நான் ஊசி போடறேன்னா பயப்படத்தானே செய்வாங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஒரு நாள் முழுக்க அவர் லிப்ட் சத்தத்தைக் கவனிக்கவேயில்லை. உன் அனுமதி எப்படித் தேதி முடிந்துபோனது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். நம் மூவருக்கும் அனுமதி புதுப்பிக்க விண்ணப்பம் போடுவது எப்போதும் நீதானே. லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில் எல்லை மூடி, மாமா வீட்டிலேயே நாம் மாட்டிக்கொண்டிருந்தபோது, முதலில் அப்பாவுடையதை அனுப்பியிருக்கிறாய். அது கைக்கு வந்ததும் என்னுடையதை. உன்னுடையதை எடுத்தபோது உன் வேலைப் பிரிவுக்கு அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே சித்தி, அதற்குத் தடை எதுவும் இல்லை, நான் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் செய்வதையே அங்கேயும் செய்திருக்கிறாய். எல்லோருக்கும் பரிமாறி முடித்து, பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் உனக்கு. "பஸ்ஸுக்கு வரிசையில நின்னாக்கூட பின்னால நிக்கறவங்கள முன்னால விட்டுக்கிட்டே இருப்பா இவ" என்று அப்பா கோபமாகச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் தலை நனைந்திருக்கவில்லை.

நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாரே, அவர் வந்திருந்தார். நம் வீட்டுக்கு வந்த தபால்களையும், என் பாடப்புத்தகங்களையும், சில துணிகளையும் ஒரு பையில் போட்டுக் கீழே வாசலில் கொடுத்திருக்கிறார். ஊருக்குக் கிளம்பும்போது நம் வீட்டுச் சாவியை நீ கடையில் கொடுத்துவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. ஓட்டலுக்கு எதிரே நடைபாதையில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். அவர் எங்கள் ஜன்னல் எது என்று தெரியாமல் வேறு யாருடைய ஜன்னலுக்கோ கையசைத்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல்காரரும் பாவம், பதிலுக்கு அசைத்திருக்க வேண்டும். இவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள், "சித்தி நல்லா இருக்காங்களா? ராத்திரி பவர் கண்ணாடி போடாம படிக்கறாங்களா? போடச் சொல்லு" என்றார். பிறகு, "கடையில அவங்க உட்கார்ற ஸ்டூல்ல யாரையும் உட்கார விடல. புதுசா வந்த பையன் உட்கார்ந்தான், எழுப்பி விட்டுட்டேன்னு சொல்லு" என்றார். உன்னிடம் போனில் சொல்லாமல் இருந்துவிட்டேன், ஏனென்றால் அப்போது மாமி உன் பக்கத்தில் இருந்தார். மாமா வீட்டில் இருந்தபோது, கடையிலிருந்து போன் வந்தால் மட்டும் நீ மொட்டைமாடிக்குப் போவாய். லென்ஸ் தேய்ப்பதைப் பற்றிப் பேச மொட்டைமாடி எதற்கு என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். முந்தாநாள் மாமா பேசினார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை, வக்கீல்கிட்ட விசாரிச்சுட்டேன். இப்பல்லாம் ஸ்கிரீன்லயே பதிவுக் கல்யாணம் பண்ணி வைக்கறாங்களாம். நீங்க அங்க ஒரு கையெழுத்து, சின்னவ இங்க ஒரு கையெழுத்து. பத்திரத்தக் காட்டினா, மனைவின்னு உள்ள விட்டுத்தானே ஆகணும்? அடுத்த மாசமே வந்து இறங்கிடுவா" என்றார். அவளிடம் கேட்டீர்களா என்று அப்பா கேட்டார். "கேக்காம இருப்பேனா? இத்தன வருஷமா, அக்கா இடத்துக்கு நான் வரல, அக்கா பிள்ளையப் பார்த்துக்கத்தான் வந்தேன்னு என் வாய அடைச்சவ, இப்ப ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. பிள்ளைக்காகன்னா சரின்னுட்டா. பாருங்க, இந்தக் கிருமியாவது நம்ம வீட்டுக்கு ஒரு நல்லது பண்ணுது" என்று சிரித்தார். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கக்கூடாது. அடுத்த மாதம் என்றால் பள்ளி திறப்பதற்குள் வந்துவிடுவாய் என்று மனதுக்குள் காலண்டரைப் புரட்டினேன். கணக்கில் இரண்டு தப்பு விட்டேன். அப்புறம்தான், நீ சொன்ன அந்த ஒரே வார்த்தையில் வரும் பிள்ளை நான் என்பது உறைத்தது.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் நேராகவே கேட்டேன். உங்களுக்குச் சித்தியைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா என்று. அவர் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார். "அவ இல்லாம நம்ம வீடு ஓடாது, அது நிஜம். ஆனா வீடு ஓடணும்னு ஒருத்தியக் கட்டிக்கறது நியாயமான்னு தெரியல. உங்க அம்மா போனப்ப அவளுக்கு வயசு இருபது. அப்பலேர்ந்து அவ தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. நாமளும் கேக்கற மாதிரி வெச்சுக்கல" என்றார். அவளே வேண்டுமென்று சொன்னால் சரி, இல்லையென்றால் தன் வாயால் ஒரு வார்த்தை வராது என்றும் சொன்னார்.

விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்த விதிகள் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்புகளையும் விடவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, "வக்கீலம்மா, உத்து உத்துப் படிக்காதீங்க, தாள் தீஞ்சுடப் போவுது" என்றார். ஒரு குறிப்பு இருந்தது சித்தி. மருத்துவத் தேவைக்கான பொருள் தயாரிக்கும் இடங்கள், தங்கள் பழைய ஊழியரைத் திரும்ப அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பார்வைக் கண்ணாடியும் அதில் சேர்கிறது. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு கடைக்குப் போன் செய்தேன். பில் போடுகிறவர்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே முதலாளியிடம் கேட்டார். "அனுப்புப்பா, அவ போன பிறகு பாதிப் பேருக்குக் கண்ணாடி கோணலாத்தான் போகுது" என்று முதலாளி சொன்னது எனக்கே கேட்டது. ஆனால் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். கிடைத்தாலும் ஒரு வருடம்கூட ஆகலாமாம்.

மாமா சொன்ன யோசனையையும் அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பக்கம் பில் புத்தகம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "அது சீக்கிரம் முடியும்னா அதுவும் நல்லதுதாம்மா. உனக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்றார். அடுத்த மூச்சிலேயே, "எதுக்கும் விண்ணப்பத்தை நான் இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றார். அனுப்பியும் விட்டார். ரசீதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தார்.

சித்தி, நீ மாமாவிடம் இன்னொரு முறை பதில் சொல்ல வேண்டும். அப்பாவைக் கட்டிக்கொள்ள உனக்கே ஆசை என்றால், முதலில் குதிக்கப்போவது நான்தான். எனக்காக என்றால் வேண்டாம். என்னை ஒரு காரணமாக எங்கேயும் எழுதாதே.

நான் சமாளித்துக்கொள்வேன். அப்பா இப்போது எனக்குச் சடை பின்னிவிடுகிறார். லிப்ட் கம்பி முறுக்குவது மாதிரி முறுக்குகிறார், புருவம் இரண்டும் மேலே ஏறிவிடுகிறது, ஆனால் சாயங்காலம்வரை ஒரு முடி அசையாது. அவருக்கு முட்டை உடைக்கத் தெரியும், எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், இரண்டையும் சேர்த்தால் ஒரு சாப்பாடு ஆகிவிடும். நீ என் பெட்டியில் துணிகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த நாள் வந்தால் அப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். அப்போது உனக்குத்தான் போன் செய்வேன். எந்த நேரமானாலும் எடு, அது போதும்.

ஒரு வருடம் என்பது ஒரு வகுப்புதான். நீ வரும்போது நான் அடுத்த வகுப்பில் இருப்பேன், உயரமாகியிருப்பேன், உன் சுடிதார்கள் எனக்குச் சரியாக இருக்கும். நீ வந்ததும் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வரலாம், இல்லை வேறு வீட்டுக்குப் போகலாம். எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோபாவில் தூங்காதே, கழுத்து பிடித்துக்கொள்ளும். மாமியிடம் கேட்டு உள்ளறைக் கட்டிலை வாங்கிக்கொள். கேட்கப் பழகு. உனக்கு ஒரு குறையும் வராது, வரவிடமாட்டேன். பெரியவர்கள்தான் சிறியவர்களை வாழ்த்த வேண்டும் என்பார்கள், இந்த ஒரு முறை நான் உன்னை வாழ்த்திவிடுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிள்ளை

பின்குறிப்பு: இந்த மாடி விளக்குகளைக் கீழேயிருந்தே அணைத்துவிட்டார்கள். கடைசிச் சில வரிகள் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.