அகலமான தெருமுனை

நவம்பர் 12, 2024

காலையில் மறுபடியும் பிரேக் சத்தம். கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்புகிறவர்கள் வேகத்தைக் குறைப்பதே இல்லை. ஜூன் மாதம் அப்படி வந்த பைக் இடித்துத்தான் என் வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறார். ஒரு நாளும் காலை நடையை விடாத மனிதர்.

நவம்பர் 19

மாநகராட்சிப் பொறியாளரைப் பார்த்தேன். வேகத்தடை போதாது, முனையைச் சுருக்குங்கள் என்றேன். வாளியைச் சாய்த்தால் தண்ணீர் மடாரென்று கொட்டும். கூஜாவைச் சாய்த்தால் நிதானமாக வரும். எங்கள் தெருவின் வாய் வாளி மாதிரி.

சிரித்தார். "புரியுது மேடம். ஆனா லாரி திரும்பாதுன்னு முனைக்கடைக்காரர் சொல்றாரே."

நவம்பர் 20

முனையில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கும் தயாளனிடம் போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா டீச்சர், முனையைச் சுருக்கினா என் லோடு பறந்தா வரும்?"

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்போ இவரு? கடைசி வரைக்கும் கேட்டுக்குள்ளயேவா?

நவம்பர் 28

இவர் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 16

மார்கழி முதல் நாள். கடைவாசலில் கம்பிக் கட்டு கிடந்ததால், தயாளனின் மனைவி ஜெயக்கொடி முனை வளைவில், ரோட்டிலேயே, பெரிய கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்திருந்தாள். பால் வண்டி, ஸ்கூல் வேன், பைக் பையன்கள் — ஒருவரும் மிதிக்கவில்லை! எல்லோரும் வேகம் குறைத்து, கோலத்தைச் சுற்றித் திரும்பினார்கள்.

அப்போது சிமெண்ட் லாரி வந்தது. தயாளன் கடையிலிருந்து ஓடிவந்தார்.

"யோவ்! கோலத்து மேல ஏத்திடாத! பூவு கீது பாரு! ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... ஆங், வா வா!"

லாரி உள்ளே வந்து நின்றது. பூ நசுங்கவில்லை.

ஜெயக்கொடி இடுப்பில் கைவைத்து, "இன்னாய்யா, பறந்தா வந்துச்சு?" என்றாள்.

தயாளன் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லித்தான் இவ இங்க போட்டாளா?"

சத்தியமாக இல்லை. ஆனால் நாளைக்கும் அங்கேயே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 9, 2025

பொறியாளர் வந்தார். கோலத்தின் ஓரத்தை ஒட்டியே கோடு போட்டார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது தயாளன்.

ஜனவரி 29

அந்தக் கோட்டின் மேல் குட்டைக் கம்பங்கள் நட்டாயிற்று. பைக்குகள் நிதானமாகத்தான் திரும்புகின்றன. இவரைக் கூப்பிட்டேன். "நாளைக்குப் பார்க்கலாம், ரோஸி."

கம்பம் நட்டால் போதும் என்று நினைத்துவிட்டேனோ?

பிப்ரவரி 11

உப்புமா செய்துவிட்டுக் கூப்பிட்டால் பதில் இல்லை. கேட் திறந்து கிடந்தது. கைத்தடியைக் காணோம். ஐயோ, தனியாவா போயிட்டாரு? நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

முனையைக் கடந்து, எதிர்ப்பக்க ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு வரக் கூடாதா?"

"சொன்னா நீயும் கூட வருவியே" என்றார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு எனக்கு ஒரு வடை சொன்னார்.