மூன்றாவது விடை

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது அந்த நீல அட்டைக் கொப்பி காலடியில் விழுந்தது. விரித்தால் உன் பென்சில் எழுத்து. பக்கத்தின் குறுக்கே என்னைத் திட்டி எழுதியிருக்கிறாய்: "உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்." இத்தனை வருடம் கழித்தும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரித்தேன்.

சுனாமி அடித்து மூன்றாவது வாரம். வாவிக்கரைப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நீயும் நானும் ஒரு பழைய கணினியும். முகாம்களின் பெயர்ப்பட்டியல்கள் தொலைபேசிக் கம்பி வழியே எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஓயாமல் வந்துகொண்டிருந்தன. முழுக் கோப்பையும் தாங்க அந்தக் கணினியின் நினைவகத்துக்குச் சக்தியில்லை. அதனால் வர வரப் படித்து, தேடுவதைப் பிடித்து, மற்றதை விட்டுவிடும்படி கணினிக்குச் சொல்ல ஒரு சின்னக் கட்டளை மொழி செய்தோம். கோப்பில் ஒரு குறியோடு குடும்பம் திறக்கிறது, பெயர்கள் வருகின்றன, இன்னொரு குறியோடு குடும்பம் மூடுகிறது. எது எந்த ஒழுங்கில் வந்தால் பிடிக்கவேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதலாம். கரும்பலகையில் நான் எழுத, நீ அழிப்பாய்.

நான் வைத்த விதி இது: குடும்பத் தலைவராக, தேடும் பிள்ளையின் தகப்பன் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தையே தாண்டிப் போ. குதிரை மாதிரி ஓடியது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒரு தாய் தன் ஐந்து வயது மகளைத் தேடித் தினமும் வந்தார். தினமும் "இல்லை" என்றது திரை. ஐந்தாம் நாள் நீ கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"சொல்லுங்கம்மா, உங்கட வீட்டு வளவுக்குள்ள வேற ஆர் இருந்தது?"

"என்ட அக்கா குடும்பம். அவங்களையும் காணல்ல புள்ள."

நீ என் பக்கம் திரும்பினாய். "நீ இந்த ஊரில பிறந்தவளா கா? தாய்ட வளவில அக்கா வீடும் தங்கச்சி வீடும் பக்கத்தில பக்கத்தில. மூத்தவட கையில அம்பிட்ட பிள்ளைய அவ தன்ட பிள்ளையெண்டுதானே பதிவா? தகப்பன்ட பேரத் தேடினா எப்பிடிக் கிடைக்கும்?"

என் முகம் எரிந்தது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கி வீட்டில் பிறந்த நீ, என் வீட்டு வழக்கத்தை எனக்கே சொல்கிறாய்!

அன்று மாலைக்குள் மொழியை மாற்றினோம். பிள்ளையின் பெயர் எந்தக் குடும்பத்துக்குள் வந்தாலும் பிடி. குடும்பம் மூடும்வரை வைத்திரு, மூடிய பிறகே முடிவெடு. கோப்பு பாதியில் அறுந்தால் "இல்லை" என்று சொல்லாதே, "இன்னும் தெரியாது" என்று சொல். "இருக்கு", "இல்லை" இரண்டும் போதும், இந்த மூன்றாவது விடை வேண்டாமென்று நான் சண்டை பிடித்தேன்.

"தெரியாதெண்டு சொல்ல மிசின் எதுக்கு?"

"ஒரு தாய்க்கு இல்லையெண்டு சொல்ல அதுக்கு என்ன உரிமை?" என்றாய்.

மறுநாள், கொக்கட்டிச்சோலைப் பக்க முகாமொன்றின் பட்டியலில், பெரியப்பாவின் பெயருக்குக் கீழே கடைசிப் பிள்ளையாக அவள் இருந்தாள். தாய் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். நீ ஏங்கி ஏங்கி அழுதாய்.

யுத்தம் முடிந்தபோது நீ இல்லை. நோய் அதற்கு முன்பே உன்னைக் கொண்டுபோய்விட்டது. வடக்கு முகாம்களின் பட்டியல்களை நம் மொழியில்தான் ஓடவிட்டேன், ஒரு வரியும் மாற்றாமல். பாதியில் அறுந்த கோப்புகள் எத்தனையோ. மேலிடத்து மனிதர் ஒருவர், மூன்றாவது விடையை எடுத்துவிட்டால் அறிக்கை சுத்தமாக இருக்கும் என்றார். "ஏலாது" என்றேன். உன் குரல் மாதிரியே வந்தது.

அன்று திரைக்கு முன்னால் ஒரு தகப்பன் நின்றார். "இன்னும் தெரியாது" என்றிருந்ததை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, இல்லையெண்டு இல்லத்தானே மகள்?"

"இல்லையெண்டு இல்ல ஐயா."

தலையாட்டிவிட்டு, பிள்ளையின் படத்தைச் சட்டைப் பைக்குள் கவனமாக வைத்துக்கொண்டு போனார். உன்னை நினைத்து அப்படியொரு பெருமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அவருடைய கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, மூடாமல். நீ திட்டிய வரிக்குக் கீழே இன்று நானும் பென்சிலால் எழுதி வைத்தேன்: "இப்ப அவசரமில்ல புள்ள."