திருமணத் தட்டு பற்றிப் பொது விசாரணை கோருதல்

அனுப்புநர்:
சு. அப்பாசாமி,
நில அலுவலகப் பியூன் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
மாண்புமிகு சபாநாயகர் அவர்கள்,
மக்கள் சபை, கோலாலம்பூர்.

பொருள்: எங்கள் தொகுதி உறுப்பினர் மீதான பொது விசாரணை கைவிடப்பட்டதால் எனக்கு நேர்ந்துள்ள நிலை.

மதிப்புமிகு ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் நடந்த மனை ஒதுக்கீட்டில் எங்கள் உறுப்பினர் நடந்துகொண்ட விதத்தைப் பொதுவில் விசாரிக்க வேண்டுமா என்று சென்ற மாதம் தங்கள் சபையில் விவாதம் நடந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், நில அலுவலகப் பியூன் அப்பாசாமி மூடிய தட்டு ஒன்றை எங்கள் உறுப்பினர் வீட்டுக்குக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் உண்டு என்றார். அந்த அப்பாசாமி நான்தான்.

2. கொண்டுபோனது உண்மை. என் மகள் சந்திரமதியின் திருமணத்துக்கு அவரை அழைக்கப் போனேன். பெரிய மனிதர்களை வெறும் பத்திரிகையோடு அழைப்பது எங்களில் மரியாதை இல்லை. வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து, கண் பட்டுவிடக் கூடாதென்று என் மனைவி பூங்காவனம் பட்டுத் துணியால் மூடிக் கொடுத்தாள். அலுவலகச் சீருடையோடு போனதுதான் நான் செய்த புத்திகெட்ட வேலை. மாற்றிக்கொண்டு போகச் சொன்னாள், நேரமில்லை என்றேன்.

3. தட்டில் என்ன இருந்தது என்று அந்தப் பியூனைத்தான் கேட்க வேண்டும் என்று உறுப்பினருக்காகப் பேசியவர் சொன்னாராம். சபையில் சிரிப்பு எழுந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை.

4. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தெங்கேராவிலுள்ள மாப்பிள்ளை வீட்டாரும், விசாரணை முடியட்டும், பிறகு நாள் பார்க்கலாம் என்கிறார்கள். சென்ற வாரம், விசாரணையே வேண்டாம் என்று சபை வாக்களித்துவிட்டது. உறுப்பினர் பழையபடி திறப்பு விழாக்களுக்குப் போய்வருகிறார். நானும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். விசாரணை இன்னும் முடியவில்லையே என்றார் தலைமைக் குமாஸ்தா. தொடங்கவே இல்லையே என்றேன். அப்படியானால் முடியவும் இல்லைதானே என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

5. எனக்குக் கோபம்கூட வரவில்லை ஐயா. சோறு போட்டால் சாப்பிடுகிறேன். சந்திரமதி கூறைப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உறுப்பினரை விசாரிப்பதும் விடுவதும் சபையின் விருப்பம். அதில் தலையிட நான் யார்? என்னை மட்டுமாவது ஊரறிய விசாரிக்க உத்தரவிடும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். குற்றவாளி என்று தீர்ப்பானாலும் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

இடம்: மலாக்கா
நாள்: 14 ஆகஸ்டு 1961

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சு. அப்பாசாமி